கணக்கில் நின்ற காசு

தாய்லாந்துப் பெண்ணொருத்தியைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று மகன் வந்து நின்றபோது நான் ஆடவுமில்லை, குதிக்கவுமில்லை. பெண் டொரொன்டோவில் படித்து மிசிசாகாவில் வேலை செய்கிறவள். பெரியவர்களைக் கண்டால் கைகூப்புவதில் எங்கள் பிள்ளைகளைவிட ஒருபடி மேல். எனக்கு இடித்தது அவளுடைய அம்மாவின் விசா விஷயம்தான். அந்த அம்மா சியாங் மாய் நகரில் தையல்கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கனடா வருவதென்றால், வந்துபோகும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டித்தான் விசா எடுக்கவேண்டும்.

தையல்கடைக்காரி என்னத்தைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"அவவிட்டை சேவிங்ஸ் இருக்காம், அப்பா. நீங்கள் ஒரு இன்விடேஷன் லெட்டர் எழுதித் தந்தாக் காணும்," என்றான் மகன்.

"சம்பந்தியின்ர பேங்க் கணக்கை வைச்சுத்தான் என்ர வீட்டுக்குக் கூப்பிடுறதோ? ஊர் சிரிக்கும். எல்லாச் செலவும் நாங்கள்தான் எண்டு எழுது. அவவின்ர பேப்பர் ஒண்டும் வைக்கவேண்டாம்."

அவன் மறுபடி ஏதோ சொல்ல வந்தான். நான் கையை உயர்த்தினேன். அந்தக் கை எங்கள் வீட்டில் பலமுறை உயர்ந்த கை. அவன் கடிதம் எழுதப் போய்விட்டான்.

சரி, பெருமையாகச் சொல்லியாயிற்று. இனிக் காட்டவேண்டும். ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீடு வெளியே பார்க்க அரண்மனைதான். என் வங்கிக் கணக்கிலோ சம்பளம் முன்வாசலால் வந்து பின்வாசலால் போய்விடும். மோர்ட்கேஜ், கார், இன்சூரன்ஸ் போக மிஞ்சுவதெல்லாம் சீட்டுக்குத்தான். எங்கள் ஆட்களுக்கு வங்கியில் இருக்கும் நம்பிக்கையைவிடச் சீட்டில் இருக்கும் நம்பிக்கை பெரிது. மாதாமாதம் எல்லோரும் கட்டுவோம். அவசரக்காரர் நட்டத்துக்குக் கழிவு விட்டு மொத்தக் காசையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்.

அந்த மாதம் நான் அவசரக்காரன் ஆனேன். அஜின்கோர்ட்டில் சீட்டு நடத்தும் அன்ரி என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "என்ன தம்பி, இவ்வளவு கழிவு விட்டு எடுக்கிறீர்? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"கலியாண வீடு அன்ரி," என்றேன் பல்லைக் காட்டிக்கொண்டு.

காசை அப்படியே வங்கியில் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே கணக்கின் பிரதியை எடுத்து அழைப்புக் கடிதத்தோடு இணைத்தேன். கணக்கில் காசு நின்றால் போதும் என்பதுதான் எங்களுக்குள் வழிவழியாக வந்த சட்ட அறிவு. அது நேற்று வந்த காசா, நெடுநாள் இருந்த காசா என்று அதிகாரி பார்ப்பார் என்று நான் யோசிக்கவேயில்லை.

விசா மறுக்கப்பட்டது. அழைத்தவரின் கணக்கில் பெருந்தொகை திடீரென வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பயணிக்குச் சொந்தமாகப் பணம் இருப்பதற்கும் ஆதாரமில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். மருமகள் அதை வாசித்துவிட்டு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அம்மாவுடைய வங்கிக் கணக்கை வரவழைத்து எனக்கும் காட்டினாள். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த காசு. ஒரு மாதமும் தவறவில்லை. என் வாழ்நாளில் என் கணக்கில் அப்படிக் காசு நின்றதில்லை.

அந்தத் தாள்களோடு மறுபடி விண்ணப்பித்தார்கள். பதில் வரக் காணோம். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று மகன் கேட்டான். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சனம் டிக்கெட் போட்டுவிட்டது என்றேன். எல்லாம் உண்மைதான். தள்ளிப்போட்டால் அவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டி வரும் என்பது அவற்றைவிடப் பெரிய உண்மை.

கன்னிகாதானத்துக்குப் பெண்ணின் தாய் தகப்பனுடைய இடத்தில் என் நண்பரும் மனைவியும் நின்றார்கள். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் கைபேசியை நிறுத்தியிருந்தோம். அதில் அந்த அம்மா பட்டு உடுத்தி, தலை வாரி, கடையில் தனியே உட்கார்ந்திருந்தார். வீடியோக்காரரின் முதுகு அடிக்கடி அவரை மறைத்தது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்க எல்லோரும் எழுந்து அரிசி போட்டார்கள். மருமகள் மட்டும் கைபேசி இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எங்கேயாவது போய் ஒளித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஒளிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா என்று வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டு நின்றேன்.

பூவெல்லாம் வாடி, கதிரைகள் திரும்பிப் போய், கல்யாணப் படங்களும் வந்து சேர்ந்தபிறகு அந்த அம்மாவுக்கு விசா கிடைத்தது. தன் காசில் டிக்கெட் எடுத்து வந்தார். வந்த அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடிந்ததும், பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர் தாய்லாந்து மொழியில் சொன்னதை மருமகள் ஆங்கிலத்தில் சொல்ல, என் மனைவிக்கும் விளங்கட்டும் என்று மகன் தமிழில் சொன்னான்.

"தன்ர காசைத் தொடக்கூடாதெண்டு நீங்கள் ஆரிட்டையோ கடன்பட்டுக் கணக்கில காசு போட்டனீங்களாம். அந்தக் கடன் உங்களுக்கு இருக்கக்கூடாதாம்."

நான் பதறிப்போனேன். "ஐயோ, வேண்டாம். அது கடனில்லை. என்ர சொந்தக் காசுதான் எண்டு சொல்லு."

மகன் சொன்னான். மருமகள் சொன்னாள். அந்த அம்மா கோபம் துளியும் இல்லாமல் ஏதோ கேட்டார். மருமகள் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். கடைசியில் மகன்தான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"அப்பிடியெண்டா, தன்ர பேப்பரை ஏன் வைக்கவேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா, அப்பா."

உன்னிடம் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன் என்பதுதான் பதில். வாய்வரை வந்தது. உறை இன்னும் என் முன்னால் நீட்டியபடியே இருந்தது.

"கடன்தான் எண்டு சொல்லு," என்றேன் மகனிடம்.

இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்தது. என் மனைவி எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.