ஹோக்லாய் கைமாற்றிய தாளக்கட்டை

இது நடந்த கதை. எழுத்துக்கு எழுத்து உண்மை. சரி, ஹோக்லாயின் தொப்பை மட்டும் நான் சொல்லப்போகும் அளவுக்குப் பெரிதில்லை. இன்னும் நாலைந்து இடத்திலும் கொஞ்சம் இழுத்திருக்கிறேன்.

தென்சீனக் கடற்கரையில் இருக்கும் சுவான்சோ நகரில் மீன் உருண்டை விற்பவர் ஹோக்லாய். வாசலில் முதலில் தொப்பை வரும். நாம் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடித்தபின் அவர் வருவார். ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு 'நான்யின்' என்ற பழைய ஊர்ப்பாட்டு இசைக் கூடத்துக்குப் போவார். செருப்பு ஆலைகளுக்கு வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ச் சரித்திரமும் பாட்டும் சொல்வது அங்கே அவர் பொறுப்பு. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவரை 'வாத்தியார்' என்று கூப்பிடும் ஒரே இடம் அது.

கூடத்துத் தலைவி சியோக்ஹுன் அன்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நம்ம கூடத்துப் புல்லாங்குழலுக்கு மூவாயிரம் வயசுன்னு சொன்னீங்களாமே. போன வருஷம் செஞ்சது அது. இன்னொரு தப்பு நடந்தா உங்களுக்குப் பதிலா என் மருமகதான் இனிமே பேசுவா. காலேஜ் படிச்சவ."

"இன்னிக்கு அளந்துதான் பேசுவேன், அக்கா."

"நீங்க அளக்கறதுதான் பிரச்சினையே."

உள்ளே, வடக்கே கோதுமை விளையும் ஹெனான் மாகாணத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த பையன்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹோக்லாய் ஆரம்பித்தார். "ஆயிரம் வருஷம் முன்னாடி உங்க பக்கத்துலேருந்துதான் எங்க ஆளுங்க சண்டைக்குப் பயந்து ஓடி வந்தாங்க. சட்டி பானையெல்லாம் வழியில போட்டாங்க. பாட்டை மட்டும் போடல."

பேச்சு வேகத்தில் ஐந்து பலகைத் தாளக்கட்டையை எடுத்து, "பாரு," என்று முன்வரிசை பிங்ஷுனிடம் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அந்தக் கூடத்தில் கட்டை யார் கையிலோ அவர்தான் பாட வேண்டும். பாடி முடிக்கும்வரை திரும்ப வாங்கக் கூடாது. கட்டை கைமாறியதைப் பார்த்த வாத்தியக்காரர்கள் பிபா முதலிய வீணைகளின் தந்தியை மீட்டிவிட்டார்கள். சியோக்ஹுன் மருமகளைத் தேடித் திரும்பினாள்.

ஹோக்லாயின் தொப்பை பாதியாக வற்றியது. "தம்பி, ஏதாவது பாடிரு."

"உங்க பாட்டு தெரியாது, மாமா. கோதுமை அடிக்கற பாட்டு ஒண்ணுதான் தெரியும்."

"அதைப் பாடு. என் ஞாயித்துக்கிழமை உன் தொண்டைலதான் இருக்கு."

பிங்ஷுன் பாடினான். முதல் அடி தனியாக நொண்டியது. இரண்டாவது அடியில் குழல்காரர் யோக்செங் கண்ணை மூடிக்கொண்டு கூடச் சேர்ந்தார். மூன்றாவதில் எல்லா வாத்தியங்களும் அவன் பின்னால் நடந்தன. அவன் கட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லார் கோப்பையிலும் தேநீர் ஆறியிருந்தது.

"இது நம்ம பாட்டு," என்றார் யோக்செங். "ஹோக்லாய் சொன்னது சரிதான்."

"சோறு திங்கற ஊருக்கு எங்கேருந்துய்யா கோதுமைப் பாட்டு வந்துச்சு?" என்றார் பிபாக்காரர்.

"அப்ப எதுக்கு வாசிச்சே?"

"நீ வாசிச்சியேன்னுதான்."

"எங்க ஊர்ல இதை..." என்று பிங்ஷுன் வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்," என்றார்கள் இருவரும் சேர்ந்து.

சியோக்ஹுன் மருமகளை மறந்துவிட்டாள். "மூணாவது அடி நம்ம அடியே இல்ல. ஹோக்லாய், அடுத்த ஞாயிறும் நீங்களே இவனைக் கூட்டிட்டு வாங்க, நிரூபிக்கறேன்."

"அது நம்ம அடிதான், அக்கா," என்றார் ஹோக்லாய்.

"உங்ககிட்ட யாரு கேட்டா?"

பிபாக்காரர் சண்டைக்கு எழுந்து நின்றார். யோக்செங்கும் எழுந்தார், கையில் குழலோடு.