கீலுக்கு வைத்த பொட்டு

நானும் என் கணவரும் மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். அவர் அப்போது பாகங்கள் செய்யும் பகுதியில் இருந்தார். அவற்றைச் சோதிப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிற ஒரே மனைவி நான்தான் என்று கிண்டலடிப்பார்.

ஒரு சின்ன செயற்கைக்கோளுக்குக் கீல் செய்யும் வேலை வந்தது. வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் மடிந்துதான் மேலே போகும். அங்கே அவற்றை விரிப்பது இந்தக் கீல்கள். மோட்டார் கிடையாது. அளவெடுக்கும் டேப்பை மடக்கி விட்டால் சட்டென்று நிமிருமே, அதே சங்கதிதான். மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். சாப்பிடும்போதுகூட ஒரு துண்டு டேப்பை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருப்பார்.

அனுப்பப்போகும் நேரத்தில் ஆயுத பூசை வந்தது. எங்கள் ஆட்கள் வழக்கம்போல் எந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். இவர், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று, செய்து முடித்த கீலுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பிறகு துடைத்தும் விட்டார்.

மறுநாள் அது என் மேசைக்கு வந்தது. நுண்ணோக்கியில் மடிப்புக்குள் சிவப்பாகத் துகள்கள். என்னவென்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேலே அந்தத் தூள் பறந்து செயற்கைக்கோளின் கேமரா கண்ணாடியில் ஒட்டினால் எல்லார் உழைப்பும் வீண். இன்னொரு முறை கழுவினாலும் மடிப்புக்குள் போனது முழுதாக வராது. அவர் கதவருகே வந்து நின்றார்.

"தொடைச்சுட்டேன் லா. விட்டுரு."

விடவில்லை. ரிஜெக்ட் என்று போட்டுக் காரணத்தையும் எழுதினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள்.

வீட்டில் சண்டை வரவில்லை. மீன் வாங்கலாமா, மழை வருமா என்று பேசிக்கொண்டோம். வேறொருவர் புதிதாகக் கீல் செய்தார். அதை நான் பாஸ் செய்தேன். செயற்கைக்கோள் போன பிறகு, தகடுகள் விரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் கைதட்ட, நானும் தட்டினேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன்.

"விரிஞ்சிருச்சுங்க," என்றேன்.

அவர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோடதும் விரிஞ்சிருக்கும்," என்றார்.

ஆமாம் என்றேன். அது எனக்குத் தெரியும். அவர் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். இன்றுவரை திட்டவில்லை.