கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

எண்பதுகளில் திருப்பத்தூரில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பழைய நாவலின் முதல் பதிப்பை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், மாற்றாகக் கொடுக்க அதே நாவலின் புதிய பதிப்போடு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி வெள்ளச்சி அவர்களுக்கு அந்த நாவலைத்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். முதல் பதிப்பேதான்! ஆசையாக வாங்கிப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தைக் காணோம். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"முடிவு இல்லாம எப்படிம்மா படிக்கிறீங்க?"

"வருசா வருசம் புளி எடுக்கறப்ப படிப்போம், முடிவ நாங்களே ஒண்ணு சொல்லிக்குவோம்ணா."

என் பையிலிருந்த பதிப்பை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். வேலை செய்த கைகள் நின்றன. கதாநாயகி ஆற்றில் விழுந்து செத்துப்போனாள்.

"இன்னாண்ணா இது? அவ ஏன் சாவணும்?" என்றார் வெள்ளச்சி. "நீஞ்சிக் கரையேறி, ஆலங்காயத்துல கடை போட்டுர்றா."

"இன்னா கடை?" என்று வட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"வளையல் கடை!"

"புளிக்கடைதான்!"

என்னை அறியாமல் நானும் கத்தினேன்: "புத்தகக் கடை!"

வாசல் முழுக்கச் சிரிப்பு. புத்தகக் கடையே முடிவானது.

அந்த முதல் பதிப்பை அவர்களிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு, ஆனால் சிரித்துக்கொண்டே மலை இறங்கினேன். அதுவரை பழைய புத்தகம் வந்தால் முதலில் பதிப்பு ஆண்டைத்தான் பார்ப்பேன். அதன்பிறகு, கொண்டுவந்தவரிடம் "இதை வீட்ல யார் படிச்சாங்க?" என்று கேட்கத் தொடங்கினேன்.