அணைச் சுவரில் ஒரு சாண்

நான் அணையைத் தின்றவன். சிரிக்காதீர்கள்... ஒரு சிட்டிகைதான். ஆனால் தின்றேன்!

சென்னைக்குக் குடிநீர் தரும் எங்கள் பக்கத்துப் பழைய அணையில் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், கல் இடுக்குகளைச் சுரண்டிப் புதுக் கலவை பூசும் வேலை நடந்தது. கடம்பத்தூரிலிருந்து கொத்தனாராக நான் போனேன். எனக்குக் கலவை போட்டுக் கொடுத்த சித்தாள் முனியம்மாள். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் சுரண்டக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

எனக்கோ சிறு வயது முதல் ஒரே குறுகுறுப்பு. அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்துத்தான் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையா? இத்தனை தண்ணீரைத் தாங்கி நிற்கும் சுவருக்குள் வெல்லமா? அப்படியானால் எறும்பு வந்திருக்காதா? உங்களுக்கும் தோன்றும்தானே, சொல்லுங்கள்!

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து உளியை இறக்கினேன். இரண்டு விரல்... நான்கு விரல்... உள்ளே போகப் போக நிறம் மாறியது. இளஞ்சிவப்பு! செங்கல் தூளோ? ஒரு சாண் போனதும் ஈரமாக ஒரு துணுக்கு கையில் வந்தது. நாக்கில் வைத்தேன். முதலில் சுண்ணாம்பின் காரம். பிறகு துவர்ப்பு... கடுக்காய்தானோ? கடைசியில் ஓர் இனிப்பு. அது இருந்ததா, நானே வரவழைத்துக்கொண்டேனா? இன்றுவரை தெரியவில்லை. அப்போது எனக்கிருந்த மகிழ்ச்சியை மட்டும் மறைக்க மாட்டேன்.

காலடிச் சத்தம் கேட்டது. அவசரத்தில் பள்ளத்தின் வாயை மட்டும் பூசி மூடினேன். உள்ளே வெற்றிடம்.

மழைக்காலத்தில் அணை நிரம்பியது. அந்த ஒரே இடத்தில் சுவர் கசிந்தது! அணைக்கு ஆபத்தில்லை, உடனே அடைத்துவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தக்காரர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"கலவைல தண்ணி ஜாஸ்தி. அதான் பூச்சு நிக்கல," என்றார் முனியம்மாளைப் பார்த்து.

"சரியாத்தான் சார் கலந்தேன். அண்ணே, நீ பாத்துக்கினுதான இருந்த? சொல்லேன்!"

நான் கலவை பூசும் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரணையை! வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும் என்று பயம். அவள் வேலை போனது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அவளைக் கலவை போட அழைக்கவில்லை.

போன மாதம் ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் பெருக்கும் வேலையாம். விடியற்காலையில் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியுமாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்? நெசமாவே தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டனா?"

ஒரு கேள்வி தாங்காமல் சுவரையே குடைந்தவன் நான். அவளோ தன் கேள்வியை இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்! விடை என் தொண்டை வரை வந்தது... சொன்னேனா?

"இருக்கும்மா," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேண்ணே," என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.