அக்கா பரீட்சைக்கு வராத நாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. மறுமுனையில் என் சீன நண்பர் இன்ஸ்பெக்டர் டான். அவர் கூப்பிட்டால் பாதி நேரம் என்னைக் கேலி செய்வதிலேயே போகும். அதனால் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பேச்சில் 'அக்கா' என்ற ஒரு சொல் மட்டும் தமிழாக இருந்தது.

எங்கள் அக்கா ஞானம் செபஸ்தியானை உங்களில் பலருக்கு நன்னடத்தை அதிகாரியாகத் தெரியும். ஞாயிறு பூசையில் எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவராகவும் தெரியும். எனக்கும் டானுக்கும் அவர் வகுப்புத் தோழி. குற்றவியல் நீதித் துறையில் ஏற்கெனவே வேலை பார்க்கும் பட்டதாரிகளுக்காகப் பல்கலைக்கழகம் அப்போது ஒரு மாலை நேரப் பட்டயப் படிப்பைத் தொடங்கியிருந்தது. பகலெல்லாம் வேலை, பொழுது சாய்ந்தால் பல்கலைக்கழகம் இருந்த புக்கித் தீமா சாலைக்குப் பஸ் பிடித்து ஓட்டம். டான் போலீஸ், நான் சிறை அதிகாரி, அக்காவுக்கு விடுதலையாகி வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் நாள் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது அக்கா எழுந்து, "டான் பிடிக்கிறார், முத்து பூட்டுறார், நான் திறந்துவிடுறேன். ஒரே குடும்பத் தொழில்" என்றார். அதை ஆங்கிலத்திலும் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார்.

எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். என்னைப் பார்த்து டானும் அப்படியே கூப்பிட, வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. எங்கள் விரிவுரையாளர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவர். அதுதான் அவருடைய குடும்பப் பெயர் என்று நினைத்து, "மிசஸ் அக்கா, உங்கள் கருத்து என்ன?" என்று மிக மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தார். யாரும் திருத்தவில்லை. அக்காவே திருத்த விடவில்லை. "நல்லாத்தானே இருக்கு, விடுங்க. வெள்ளைக்கார தம்பி ஒருத்தர் கிடைச்சிருக்காரு" என்றார்.

வகுப்பு முடிந்ததும் மூன்று பேரும் சிராங்கூன் ரோட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவோம். பாதி படிப்பு அங்கேதான் நடந்தது. குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனையால் யார் திருந்துகிறார்கள் என்று டானும் நானும் கத்திக்கொண்டிருக்க, அக்கா எங்கள் சட்னியையும் சேர்த்துக் காலி செய்துகொண்டிருப்பார். எல்லாப் பாடத்திலும் அவர் எங்களைவிடக் கெட்டிக்காரர். புள்ளியியல் மட்டும் அவருக்கு வேப்பங்காய். "மனுஷனைப் பத்திக் கேளு, சொல்றேன். சராசரி மனுஷனைப் பத்திக் கேட்டா எனக்கென்ன தெரியும்? அவரை நான் பார்த்ததே இல்லயே" என்பார்.

அந்தப் பாடத்தில்தான் அவர் தவறினார். நானும் டானும் தேறிவிட்டோம். அவருக்கு மறுதேர்வு எழுத ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதையும் விட்டால் இறுதியாண்டை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். டான் வாராவாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அக்காவும் முனகிக்கொண்டே கற்றுக்கொண்டார். இந்த முறை நிச்சயம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, கருப்பையாவின் விசாரணையைப் பரீட்சை நாளுக்கே மாற்றிவிட்டார்கள்.

கருப்பையா துறைமுகத் தொழிலாளி. ஒரு கைகலப்பில் ஒருவரை வெட்டிவிட்டு எங்கள் சிறைக்கு வந்தவர். தண்டனைக் காலம் முடியும் முன்பே அவரை விடலாமா என்று ஒரு குழு கூடி முடிவு செய்ய வேண்டும். மறுத்துவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான். அவருக்கு வேலையும் இருக்க இடமும் தேடி வைத்திருந்தவர் அக்கா. வேறு அதிகாரியை அனுப்பிவிட்டுப் பரீட்சை எழுதுங்கள் என்று டான் கெஞ்சினார். எனக்குக் கோபமே வந்தது. "எத்தனை பேருக்காக ஓடுவீங்க? உங்களுக்குன்னு ஒரு நாள் ஓடக் கூடாதா?" என்றேன்.

"புதுசா ஒருத்தரை அனுப்பினா அவர் என்னத்தைச் சொல்வார்? கருப்பையா பேரைச் சொல்வார், வயசைச் சொல்வார். அதுக்கு மேல?" என்று கேட்டுவிட்டு, அக்கா இன்னொரு தோசைக்குச் சொன்னார். அவர் முடிவு செய்துவிட்டார் என்று எங்களுக்குப் புரிந்தது.

அன்று கருப்பையாவை அழைத்துப் போனவன் நான். குழுவின் முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. மேசையின் கோடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கருப்பையா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். சிறைக்குள் நடந்த ஆங்கில வகுப்பில் அவர்தான் சிறந்த மாணவர். வகுப்பு எடுத்தவன் அடியேன். கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். குழுத் தலைவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நீ போகலாம் என்றார். கருப்பையா கையெடுத்துக் கும்பிட்டு, "தேங்க் யூ சார். ஐ கோ அண்ட் கம், சார்" என்றார்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "வருவாயா? இங்கே திரும்பி வருவாயா?"

அன்பாகக் கேட்கிறார் என்று கருப்பையா நினைத்துவிட்டார். "யெஸ் சார்! ஷ்யூர் கம், சார்!"

விடுதலை கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அக்கா சிரித்துவிட்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கைதியோ அதிகாரியோ யாரும் அந்த அறையில் அதுவரை சிரித்ததில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து விளக்கினார். தமிழர்கள் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், அது அமங்கலம், 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வோம், இவர் உங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார் என்றார். தலைவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அப்படியானால் 'போகிறேன்' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றார்.

அக்கா திரும்பினார். "கருப்பையா, அய்யாகிட்ட போறேன்னு மட்டும் சொல்லுங்க."

"அதெப்படிங்கம்மா? நல்ல காரியமா வந்த இடத்துல வாயால போறேன்னு சொல்றதா? மாட்டேங்கம்மா."

"சொன்னாத்தான் விடுவாங்களாம்."

"பரவாயில்லீங்கம்மா. அவரு நல்லா இருக்கணும்."

அக்கா அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவரும் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னுடைய ஆங்கில வகுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அது இங்கே வேண்டாம். நாங்கள் வெளியே வந்தபோது பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள்களை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான்.

"ஒரு வருஷம் வீணாப் போச்சேக்கா" என்று நான் அங்கலாய்த்தபோது, "யாருக்கு வீணு? அவருக்கு வெளியில ஒரு வருஷம், எனக்கு வகுப்புக்குள்ள ஒரு வருஷம். சரியாப் போச்சு" என்றார். பிறகு, "ஒருத்தர் சொன்னதைக் கேட்டா மட்டும் பத்தாது முத்து. அவங்க வழக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்ககிட்டயே கேக்கணும். நம்ம பாடத்துல இதை யாரும் சொல்லிக் கொடுக்கல பாருங்க" என்றார்.

மறு வருடம் புது மாணவர்களோடு உட்கார்ந்து படித்தார். விரிவுரையாளர் கருப்பையாவின் கதையை வகுப்பில் சொல்லச் சொன்னாராம், அக்கா நடித்தே காட்டியிருக்கிறார். டான் அன்றிலிருந்து எங்கள் தோசைக் கடையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் "போய்ட்டு வரேன் லா" என்று தன் வழக்கமான 'லா'வையும் ஒட்டிக் கடைக்காரரிடம் தவறாமல் சொல்வார். புள்ளியியலில் அக்கா தேறினார். எத்தனை மதிப்பெண் என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியோடு, பட்டுச் சேலை கசங்குகிறதே என்று புலம்பிக்கொண்டு, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டார். அவ்வளவு சந்தோஷமான ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது நான் அவருடைய பிரிவுக்கு மாறினேன். அந்த மேசைக் கோடியில் இருக்கும் நாற்காலி இப்போது என்னுடையது. அக்காவை அடக்கம் செய்த மறுநாளும் குழு கூடியது. ஹாஷிம் என்ற மலாய்க்காரர் வந்து நின்றார். செய்த குற்றத்துக்கு வருந்துகிறாயா என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் தாளை மூடியே விட்டார். நான் கையைத் தூக்கி, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவரையே கேட்கலாமா என்றேன். கேட்டார்கள்.

"மாலு, துவான்" என்றார் ஹாஷிம். வெட்கமாக இருக்கிறது ஐயா, உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். சொல்லும்போதும் சிரித்தார், கண்ணில் நீர் வழிந்தது. மூடிய தாளை அந்த உறுப்பினர் திறந்தார்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு கேள்வி. ஹாஷிம் வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறார்.