அண்ணன் கேட்ட வித்தியாசம்

நெல் மூட்டையின் மேல் இரண்டு கடிதங்களைப் பக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு அண்ணன் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டிலுமே எனக்கு பி.காம். இடம் கிடைத்திருந்தது. ஒன்று புதுச்சேரியில் இருந்த அரசுக் கல்லூரி. குருவிநத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம், பெரிய செலவில்லை. மற்றது சென்னையில் பெயர்பெற்ற கல்லூரி. அங்கே சேர்ந்தால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று வருஷம் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். அப்பா இறந்தபின் வீட்டுப் பொறுப்பு அண்ணனுடையது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுத்துக்கும் இன்னாடா வித்தியாசம்?"

"மெட்ராஸ்ல படிச்சா கம்பெனிக்காரங்களே தேடிவந்து வேலை குடுப்பாங்கண்ணே."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றோரத்தில் கரும்பு விளைந்த ஒரு காணி நிலத்தை வில்லியனூர் மளிகை வியாபாரி ஒருவரிடம் அடமானம் வைத்து என்னை அனுப்பினார்.

சென்னையில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க முடியாது. கூச்சமில்லாமல் இங்கிலீஷ் பேச வந்தது, நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் எந்தக் கம்பெனியும் தேடி வரவில்லை. ஒரு வருஷம் அலைந்தபின் வில்லியனூர்ப் பக்கத்து மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அதே மாதம் சேர்ந்து என் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் புதுச்சேரிக் கல்லூரியில் படித்தவர். சம்பளமும் ஒன்றேதான்.

முதல் இரண்டு வருஷம் கடனை அடைக்க அண்ணனிடம் ஒழுங்காகப் பணம் கொடுத்தேன். பிறகு கல்யாணம், வாடகை, குழந்தை. "அடுத்த மாசம் தரேண்ணே" என்பது பழகிப்போனது. வட்டி ஏறி, நிலம் வியாபாரிக்கே போய்விட்டது. அண்ணன் அதையே அவரிடம் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு நட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அங்கே வெட்டிய கரும்பை சைக்கிளில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். அவர் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். என்னால் அதைக் கடிக்க முடிந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கும் அதே போல இரண்டு இடங்கள். அவள் சென்னைக்குத்தான் போவேன் என்கிறாள், மிச்சமிருக்கும் நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று அண்ணன் இருக்கிறார்.

"நீதான் படிச்சவன். நெஜமாவே வித்தியாசம் இருக்குதாடா?"

இருக்கிறது என்றால் அந்த நிலமும் போகும். இல்லை என்றால், போன நிலத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? அண்ணன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ வித்தியாசம் இல்லண்ணே. பாண்டியிலயே படிக்கட்டும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க மட்டும் போனீங்களே சித்தப்பா" என்றாள். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். சென்னை எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் விரும்பியதும் ஒருவேளை அதைத்தான்.

அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அவள் எங்களை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கோபம் வரும், இருபது வருஷத்துக்குச் சேர்த்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பஸ் வருவது தெரிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ஒனக்கே தெரியாதுல்லடா?"

எனக்காக அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

உண்மைதான், தெரியாது. கம்பெனிக்காரர்கள் வருவார்களா என்று நான் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் போக முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, மகளை முன்னால் ஏறவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.