ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என் கையைப் பிடித்தவள்

ஐம்பதுகளில் நடந்தது இது. உத்தனப்பள்ளியில் பிறந்த என்னை மத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்குக் குழந்தை இல்லையென்று மாமியார் தன் மகனுக்கு வேறு பெண் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான், என்னிடம் முகம் கொடுத்தே பேசாத கணவர், "சீரங்கப்பட்டணம் போயி சாமி கும்புட்டு வரலாம்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயில் முடிந்ததும், காவிரி சூழ்ந்த அந்தத் தீவைக் கோட்டைச் சுவர் ஓரமாகவே சுற்றி நடந்தோம். ஆடி வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. பூக்காரி ஒருத்தி கூடையோடு எங்களை விடாமல் தொடர்ந்து வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆளரவமற்ற ஒரு படித்துறையில் கணவர் முன்னால் இறங்கி நின்று, "எறங்கி வா புள்ள, கால நனச்சுக்கலாம்" என்று கூப்பிட்டார். நான் காலெடுத்து வைத்தேன். பூக்காரி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எறங்காதே தங்கச்சி," என்று கன்னடத்தில் கிசுகிசுத்தாள். "விழுந்தா ஆள் கெடைக்காத எடம் எதுன்னு இவன் பரிசல்காரன்கிட்ட கேட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கம் கன்னடம் தெரியாதவர்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். 'என் பொண்டாட்டி கைய ஏன் புடிக்கிற?' என்று அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால், நானே அவளை உதறியிருப்பேன். அவர் எதுவுமே கேட்கவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெங்களூர் பஸ்ஸில் உட்காரவைக்கும்வரை பூக்காரி என் கையை விடவில்லை. நான் அப்பா வீட்டுக்கே போய்விட்டேன். கணவர் என்னைத் தேடி வரவேயில்லை.

பரிசல்காரனிடம் அவர் கேட்டது சும்மா கேட்ட கேள்வியாகவும் இருந்திருக்கலாம் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். ஆனால் அன்று அவர் வாய் திறக்காததற்கு எனக்கு இன்றுவரை வேறு காரணம் கிடைக்கவில்லை.